தை பிறந்த பிறகு மாமல்லபுரம்

மாமல்லபுரத்தைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் முதலில் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில்தான். இருட்டோடு கிளம்பும் பேருந்து, பொட்டலத்தில் புளியோதரை, ஐந்து ரதங்களுக்கு அரைமணி, அர்ச்சுனன் தபசுக்குக் கால்மணி. வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் ஒரு படம், கடற்கரைக் கோயிலில் தலை எண்ணிக்கை, மறுபடியும் பேருந்து. கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுத்துவந்த ஆசிரியை ஒருவர் இப்படித்தான் ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துப்போய்வந்தார். ஒவ்வொரு முறையும் ஊரைவிட்டுப் புறப்படும் நேரத்தில்தான் வெயில் தணிந்து கற்கள் நிறம் மாறத் தொடங்கும். பிள்ளைகளை எண்ணி ஏற்றுவதற்குள் அதைத் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது.

ஓய்வுபெற்ற பிறகு அவர் தங்கையிடம் சொன்னது ஒன்றுதான். இந்த வருஷம் மார்கழிக்குச் சென்னைக்கு வரவில்லை, தை பிறந்ததும் மாமல்லபுரம் போய்த் தங்கப்போகிறேன், உன் பெண்ணையும் என்னோடு அனுப்பிவை. "என்னக்கா, ஒரு நாள்ல பார்த்துட்டு வர்ற ஊருதானே?" என்றாள் தங்கை. "அதனாலதான் தங்கணும்கிறேன்" என்றார் அக்கா.

தங்கையின் மகள் சென்னையில் பரதநாட்டியம் பயில்கிறவள். அவளை முன்னிட்டே அந்தப் பயணம் நாட்டிய விழாவைச் சுற்றி அமைந்தது. மாமல்லபுரம் நாட்டிய விழாவைத் தமிழக அரசின் சுற்றுலாத் துறை 1990-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவருகிறது. டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் பல வாரங்கள் நீளும். பரதநாட்டியம், குச்சிப்புடி, மோகினியாட்டம், கதக், ஒடிசி, கதகளி என்று ஒவ்வொரு மாலையும் வெவ்வேறு குழுக்கள் ஆடும். இடையிடையே நம் ஊர்க் கரகமும் ஒயிலாட்டமும் உண்டு. முதலில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால்தான் மேடை போட்டார்கள். பின்னாளில் அதைக் கடற்கரைக் கோயில் பக்கம் கொண்டுபோனார்கள். பாறையின் முன் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். கோயில் விமானத்தின் மேல் விளக்கொளி படிய, அதற்குப் பின்னால் இருட்டில் கடல் இரைவதும் குறைந்த காட்சி அல்ல.

நாட்டியத்துக்கும் இந்த ஊருக்கும் தமிழ் வாசகர் மனத்தில் முடிச்சுப் போட்டவர் கல்கி. 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு மாமல்லபுரம் என்றதும் ஆயனச் சிற்பியும், அவர் மகள் ஆடிய ஆட்டமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ரசிகமணி டி.கே.சி.யோடு இந்தக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றிய கற்பனை அது என்று கல்கியே எழுதியிருக்கிறார். ஆசிரியையும் அந்த நாவலின் வழியாகத்தான் பல்லவர்களிடம் போய்ச் சேர்ந்தவர்.

விழா பல வாரங்கள் நடக்கிறது, எப்போது போனால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் நாள்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. மார்கழி வாரங்களை அவர் முதலிலேயே அடித்துவிட்டார். வடகிழக்குப் பருவமழையின் கணக்கு டிசம்பர் வரை போகிறது. நவம்பரோடு மழை விட்டுவிடும் என்று இந்தக் கரையில் யாரும் உறுதி சொல்ல முடியாது. 2022-இல் மாண்டஸ் புயல் டிசம்பர் 9-ஆம் தேதி இரவு கரை கடந்தது இதே மாமல்லபுரத்தை ஒட்டித்தான். திறந்தவெளி மேடைக்குத் தூறலே போதும், நிகழ்ச்சி நின்றுவிடும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தைத் தொடவே கூடாது என்பது அவருடைய அடுத்த முடிவு. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் சென்னையின் கொண்டாட்டம் வழிந்தோடும் வாரம் அது. விடுதி வாடகை ஏறிவிடும், ஏறிய வாடகைக்கும் அறை இருக்காது. தவிர அதே நாட்களில் சென்னையில் மியூசிக் அகாடமியின் இசை விழா. அது முடிந்த கையோடு ஜனவரி முதல் வாரத்தில் அங்கேயே நாட்டிய விழா. நடனம் பயிலும் பெண்ணை அந்த நேரத்தில் சென்னையைவிட்டு வெளியே இழுப்பது நியாயம் இல்லை.

பிறகு பொங்கல். காணும் பொங்கலன்று செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களெல்லாம் கட்டுச்சோற்றோடு மாமல்லபுரத்துக்குத்தான் வரும். வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்பட, சனம் நடந்தே உள்ளே போகும். கடலில் இறங்கவிடாமல் போலீஸார் கயிறு கட்டி நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கென்று ஓர் அழகு உண்டு. இந்த ஊர் இன்னும் சுற்றியுள்ள கிராமங்களின் சொத்தாகவே இருக்கிறது என்பதை அன்று கண்கூடாகப் பார்க்கலாம். ஆனால் சிற்பத்தின் முன் அசையாமல் நிற்க விரும்புகிறவர்களுக்கான நாள் அல்ல அது.

ஆக, அவர் வட்டமிட்டது காணும் பொங்கலுக்கு அடுத்த வாரத்தை. அதிலும் சனி, ஞாயிறு நீங்கலாக. வானம் வெளுத்து, காற்றில் ஈரம் குறைந்து, பகலில் நடந்தாலும் தலை சுற்றாத நாட்கள். இரவில் பனி இறங்கும், அதற்கு ஒரு சால்வை போதும். விழாவும் இன்னும் முடிந்திருக்காது.

நாள் முடிவானதும் மற்றவை தாமே வரிசையில் வந்தன. தங்குமிடத்துக்கு அவர் வைத்த நிபந்தனை, நிகழ்ச்சி முடிந்து நடந்தே அறைக்கு வந்துவிட வேண்டும் என்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து ரிசார்ட்டுகளில் நீச்சல் குளமும் தோட்டமும் இருக்கும், இரவு ஒன்பது மணிக்குத் திரும்ப ஆட்டோவுக்கு நிற்க வேண்டும். ஊருக்குள் கடலை ஒட்டிய ஒத்தவாடைத் தெருவில் மாடி அறைகள் உண்டு. இரு பக்கமும் சின்னச் சின்னக் கடைகளும் மீன் சமைக்கும் உணவகங்களும், தெருமுனை தாண்டினால் மீனவர் குப்பத்துப் படகுகளும். அங்கிருந்து கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் நடக்கிற தூரம். ஐந்து ரதங்கள் மட்டும் சற்றுத் தெற்கே தள்ளி.

கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் சென்னை வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ரயிலில் செங்கல்பட்டில் இறங்கினால், திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து. சுமார் 30 கிலோமீட்டர்தான். வழியில் வேதகிரி மலையும், ஒரு காலத்தில் உச்சிவேளையில் கழுகுகள் வந்து சோறுண்டுபோன அந்தப் பாறையும் சன்னல் பக்கம் வந்துபோகும். தங்கை மகளும் சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டாள்.

பயணத் திட்டத்தில் ஆசிரியை அதிகம் யோசித்தது மாலைகளை அல்ல, காலைகளை. அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும்போது அது நிழலுக்குள் போய்விட்டிருக்கும். சூரியன் கடலிலிருந்து ஏறிவரும் முதல் ஒன்றிரண்டு மணி நேரந்தான் அந்தப் பாறைக்கு உரியது. பள்ளிப் பிள்ளைகளோடு வந்த அத்தனை ஆண்டுகளிலும் அவருக்குக் கிடைக்காத நேரம் அது.

ஒளி சாய்வாக விழும்போது அந்த முப்பது மீட்டர் நீளப் பாறையில் உருவங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்கின்றன. முதலில் யானைகள், உயிருள்ள யானை அளவுக்கே. அவற்றின் காலடியில் குட்டிகள். பிறகு நடுவில் பாறையே இயற்கையாகப் பிளந்துகொண்ட இடம், அதற்குள் நாகர்கள். மழைக்காலத்தில் மேலிருந்து நீர் இந்தப் பிளவு வழியே வழியும்படி பல்லவர்கள் ஏற்பாடு செய்திருக்கலாம் என்பார்கள். இது அர்ச்சுனன் பாசுபதம் வேண்டிச் செய்த தவமா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எந்தக் கதையானாலும், இடப்பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற அந்தத் தவசியின் உடல்தான் மையம். விலா எலும்பு தெரிய, இரு கைகளையும் தலைக்கு மேல் சேர்த்து உயர்த்தியிருக்கிறார்.

தங்கை மகள் செருப்பைக் கழற்றிவிட்டு அவரைப் போலவே நின்று பார்த்தாள். ஒரு காலை ஊன்றி, மறு காலை மடித்து, கைகளை மேலே கோத்து. சற்று நேரத்தில் தொடை நடுங்கத் தொடங்கியது. "பெரியம்மா, இது பேலன்ஸ் இல்ல. மூச்சு. மூச்சு மேல ஏறினாத்தான் கை மேல நிக்கும்." சிற்பி ஒட்டிய வயிற்றையும் புடைத்த விலாவையும் ஏன் அத்தனை கவனமாகச் செதுக்கினான் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை ஆசிரியை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கொஞ்சம் கீழே, யானைகளுக்குப் பக்கத்தில், அதே நிலையில் ஒரு பூனை நிற்கிறது. தவசியைப் போலவே முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்க, அதைச் சுற்றி எலிகள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் அதுதான்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது. உள்ளே பாறையில் உள்ள கோவர்த்தனக் காட்சி பல்லவருடையது. மலையைத் தாங்கி நிற்கிற கண்ணனைவிட, பால் கறக்கிற ஆயனையும், கன்றை நக்கிக்கொடுக்கும் பசுவையும் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆனால் அந்தப் பயணத்தில் இருவர் மனத்திலும் ஆழமாகப் பதிந்தது கலங்கரை விளக்கத்துக்கு அருகில் குன்றின் மேல் இருக்கும் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். அதற்கு மேலேதான் ஓலக்கண்ணேசுவரர் கோயில் நிற்கிறது. இப்போதைய கலங்கரை விளக்கம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டியது அந்தக் கோயிலின் உச்சிதான். கீழே குடைவரையின் பின்சுவரில் உமையும் முருகனும் உடனிருக்கும் சிவன். இரு பக்கச் சுவர்களிலும் எதிரெதிராக இரண்டு காட்சிகள். ஒன்றில் துர்க்கை சிங்கத்தின் மேல் வில்லை வளைத்து முன்னேறுகிறாள். எருமைத் தலை மகிஷன் கதையை இரு கைகளிலும் பிடித்தபடி பின்வாங்குகிறான். எதிர்ச் சுவரில் திருமால் அரவணையில் துயில்கிறார். ஒரு சுவர் முழுதும் போர், இன்னொரு சுவர் முழுதும் உறக்கம். நடுவில் நிற்கிறவர் தலையைத் திருப்பினால் போதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம்.

"பாருங்க பெரியம்மா, அவன் உடம்பு பின்னாடி சாயுது. ஆனா கதையை இன்னும் விடல. தோக்கப்போறான்னு தெரியுது, இன்னும் தோக்கல." துர்க்கை கீர்த்தனைக்கு அபிநயம் பிடிக்கும்போது, அசுரனை வதம் செய்கிற கணத்தில்தான் எல்லோரும் நிற்பார்கள், சூலம் பாய்ந்த பிறகு. இந்தச் சிற்பி அதற்கு முந்தைய கணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்பதை நாட்டியம் படிக்கிற பெண் கண்டு சொல்ல, தமிழ் படித்த பெரியம்மா கேட்டுக்கொண்டு நின்றார். வீரச்சுவைப் பாடல்களை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவர் அவர். கல்லில் அந்தச் சுவை எங்கே பிடிபடுகிறது என்பதை அந்தக் காலைதான் காட்டிக்கொடுத்தது.

அன்று மாலை விழா மேடையில் பரதநாட்டியக் குழு ஒன்று ஆடியது. தேவியைப் பற்றிய உருப்படியும் நிகழ்ச்சியில் இருந்தது. சபா அரங்கில் பார்ப்பதற்கும் இங்கே பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிந்தது. கடற்காற்று ஒலிபெருக்கியின் குரலை ஒரு நேரம் தூக்கிக்கொண்டுவரும், ஒரு நேரம் தின்றுவிடும். ஈரக் காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்துகொண்டேயிருக்கும். வித்துவான் உருப்படிக்கு உருப்படி கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். மேடை பெரிது, பார்வையாளர் தொலைவில். கண்ணசைவை மட்டும் நம்பினால் அது கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. திறந்தவெளியில் உடல்தான் பேச வேண்டும். காலையில் பார்த்த துர்க்கையும் அப்படித்தான். அவள் முகம் அமைதியாக இருக்கிறது, கோபம் முழுதும் வில்லை இழுக்கிற தோளிலும் முன்னால் குனிந்த உடம்பிலும் இருக்கிறது.

எல்லா மாலைகளும் ஒரே தரத்தில் இருந்தன என்று சொல்ல முடியாது. சில குழுக்கள் சுற்றுலாப் பயணிகளுக்கென்று வேகத்தைக் கூட்டி, உருப்படிகளைக் குறுக்கிக்கொண்டு ஓடின. ஆனால் ஒடிசி ஆடியவர்கள் உடலை மூன்றாக வளைத்து நின்றபோது, திரௌபதி ரதத்தின் வாயிலில் காவல் நிற்கிற பெண்கள் இருவருக்கும் நினைவு வந்தார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் ஏறிய மாலையில் கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. குப்பத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து மணலில் உட்கார்ந்தன. கரகம் தலையில் நிற்க ஆடுபவர் குனிந்து நிமிர்ந்தபோது எழுந்த ஆரவாரம் வேறு எந்த மாலையிலும் கேட்கவில்லை. விழா அமைப்பாளர்கள் இந்தக் கலைஞர்களுக்கு இன்னும் அதிக நேரம் தர வேண்டும் என்பதில் ஆசிரியைக்கு ஐயமே இல்லை.

ஒரு பகலை அவர்கள் வடக்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாளுவன்குப்பத்துக்கு ஒதுக்கினார்கள். அங்குள்ள புலிக்குகையைச் சுற்றி யாளித் தலைகள் வரிசையாக வளைந்து நிற்கின்றன. பேர்தான் புலி. நடுவில் ஒரு மாடம், பக்கத்தில் யானைகள் இரண்டு. அரசர் அமர்ந்து கலை நிகழ்ச்சிகள் பார்த்த திறந்தவெளி அரங்காக இது இருந்திருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. அது உண்மையானால், இந்தக் கரையில் கடலோசைக்கு நடுவே ஆட்டம் பார்ப்பது 1990-களில் தொடங்கிய பழக்கம் அல்ல.

அருகிலேயே சுனாமி காட்டிக்கொடுத்த கோயில். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் எல்லாக் குடும்பங்களும் நினைவில் வைத்திருக்கும் நாள். அந்த அலைகள் மண்ணை அரித்துக்கொண்டு போனபோது பாறைக் கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து 2005-இல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது வெளிப்பட்டது முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம். பல்லவர் காலத்துக் கல் கட்டுமானத்துக்குக் கீழே அதற்கும் முந்தைய செங்கல் கட்டுமானம் இருக்கிறது. அதைச் சங்க காலத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். திருமுருகாற்றுப்படையைப் பாடம் நடத்தியவருக்கு அந்தச் செங்கல் வரிசைகளைவிட்டு நகர மனமில்லை. சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்பதேயில்லை என்பதுதான் அவருக்கு வருத்தம்.

ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையில் சிற்பக்கூடங்கள் நெருக்கமாக இருக்கின்றன. உளிச் சத்தத்தோடு இப்போது கல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் கலந்துவிட்டது. தூசி பறக்கிறது, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஆனால் விநாயகர் கண்ணைத் திறப்பதும் விரல்நகத்தைத் தேய்ப்பதும் இன்றும் கையுளி வேலைதான். 1957-இல் இங்கே தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி, இந்தத் தொழிலைக் குடும்பங்களுக்கு வெளியேயும் கொண்டுசென்றது. அதன் முதல்வராக நெடுங்காலம் இருந்த கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவரை எழுப்பியவர். 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கூடத்தில் ஒரு மூத்த சிற்பியிடம் தங்கை மகள், நடராசரின் தூக்கிய காலுக்கு அளவு எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் வேலையை நிறுத்திவிட்டு, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒரு முகத்தின் நீளத்தை அலகாக வைத்து உடம்பு முழுவதையும் பிரித்துக் காட்டினார். அதை அவள் தன் நாட்டிய நோட்டில் அப்படியே வரைந்துகொண்டாள்.

ஊர் திரும்பியதும் தங்கை தொலைபேசியில் கேட்டது செலவுக் கணக்கை. நாட்டியத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகவில்லை, அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான் என்றார் அக்கா. அடுத்த தையில் தானும் வருவதாகத் தங்கை சொன்னாள். ஆனால் சனிக்கிழமைதான் கிளம்ப முடியும், அலுவலகத்தில் லீவு கிடைக்காது என்றாள். "சனிக்கிழமை வேண்டாம்டி. செவ்வாய், புதன்ல வா. ராத்திரி ஆட்டம் பார்க்கலேன்னாலும் பரவாயில்ல, காலைல ஆறு மணிக்குப் பாறை முன்னாடி வந்து நில்லு" என்று சொல்லிவிட்டு, செங்கல்பட்டில் இறங்குவதற்கான ரயில் நேரத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார்.